எல்லையில் எதை நிறுத்துவது: சுவரா, கம்பிவலையா, செடியா?

எங்கள் மனைக்கு முன்னால் தெரு. மற்ற மூன்று பக்கமும் மூன்று குடும்பங்கள். வீடு கட்டி முடித்த கையோடு மூன்று பக்கமும் ஒரே மாதிரி மதிலை எழுப்பி வேலையை முடித்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். முடிந்தபோது மேற்கே 9 இன்ச் செங்கல் சுவர், தெற்கே கம்பிவலையும் செடியும், கிழக்கே இடுப்புயரச் சுவரும் அதன் தலையில் வலையும் என்று மூன்றும் மூன்று தினுசாக நின்றன. அழகுக்காகச் செய்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மண் வேறு, தண்ணீர் ஓட்டம் வேறு, பக்கத்து வீட்டாரும் வேறு. எல்லையில் எதைக் கட்டலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் செங்கல்லா கம்பியா என்பதில் நான் ஆரம்பிப்பதில்லை. கோட்டின்மேல் கட்டப் போகிறீர்களா, கோட்டுக்கு உங்கள் பக்கம் தள்ளிக் கட்டப் போகிறீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். அது முடிவானால் பொருளும் பாதி முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பழைய வேலி நிற்கிற இடமெல்லாம் கோடு ஆகிவிடாது. அந்தக் காலத்தில் முள்கம்பி இழுத்தவர் ஒரு மரத்தைச் சுற்றி வளைத்திருப்பார். ஒரு பாறை தட்டியதால் தூணை ஓரடி தள்ளி நட்டிருப்பார். 60 அடி நீளமுள்ள எல்லையில் நூலின் ஒரு முனை அரை அடி விலகினால் 15 சதுர அடி முக்கோணம் ஒன்று கைமாறுகிறது. சின்ன இடம்தான். ஆனால் பல நாட்டுச் சட்டங்களில், யாரும் ஆட்சேபிக்காமல் ஒருவர் ஒரு நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்து வந்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவரே உரிமை கோர முடியும். அந்தக் காலம் 10, 12, 20 ஆண்டுகள் என்று இடத்துக்கு இடம் மாறும். தவறான இடத்தில் நிற்கிற வேலி வருஷம் போகப் போக அவருக்குச் சாட்சியாகிறது. அதனால் அளவையாளரை வைத்து அளப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அளக்கிற நாளில் பக்கத்து வீட்டாரும் கூட இருக்கட்டும். டேப்பின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுங்கள். எல்லைக்கல், நூல், டேப் மூன்றும் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து இருவர் செல்போனிலும் வைத்துக்கொண்டால் போதும்.

கோட்டின்மேலா, உள்ளேயா

இந்தக் கேள்வி மனிதன் வேலி போட ஆரம்பித்த காலத்திலிருந்தே இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் சோலோன் விதித்ததாக ஒரு சட்டம் ரோமானியச் சட்டத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அடுத்தவர் நிலத்தை ஒட்டி வேலி போட்டால் எல்லையைத் தாண்டக் கூடாது; சுவர் எழுப்பினால் ஓரடி விட வேண்டும்; வீடு என்றால் இரண்டடி; பள்ளம் தோண்டினால் அதன் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விட வேண்டும்; ஒலிவ மரமும் அத்தி மரமும் நட்டால் 9 அடி, மற்ற மரங்களுக்கு 5 அடி. வேலிக்கு ஒரு கணக்கு, சுவருக்கு வேறொரு கணக்கு என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினால் இன்றைக்கும் அதே காரணத்தைத்தான் சொல்வார். வேலி மண்ணில் குத்தி நிற்கிறது. சுவருக்கு அடியில் அதைவிட அகலமான கால் ஒன்று இருக்கிறது.

எனக்கு அது மேற்குப் பக்கத்தில் உறைத்தது. 9 இன்ச் சுவர். வெளிமுகம் சரியாக நூலில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். காலையில் வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்ட ஆரம்பித்தார்கள். இரண்டடி அகலக் குழி. பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். “நூல் அங்கே இருக்கு, குழி ஏன் இங்கே இருக்கு?” என்றார். கேள்வி நியாயமானது. அடித்தளம் 24 இன்ச், சுவர் 9 இன்ச். நடுவில் சுவரை நிறுத்தினால் இரு புறமும் ஏழரை இன்ச் நீளும். சுவர் என் நிலத்தில் இருந்தாலும் அதன் கால் அவர் நிலத்தில் ஏழரை இன்ச் போகிறது. அந்த ஏழரைதான் எனக்கு ஏழரை. குழியை மூடி, நூலை உள்ளே தள்ளி, மறுபடி தோண்டினோம்.

தள்ளியதோடு கணக்கு முடியவில்லை. 60 அடி நீளத்துக்குச் சுவர் மட்டும் 45 சதுர அடியைத் தின்கிறது. வெளிப்புறம் விட்ட ஏழரை இன்ச் துண்டு இன்னொரு 37.5 சதுர அடி. ஆக 82.5 சதுர அடி, ஒரு சின்ன அறைக்கு ஆகிற இடம், என் பெயரில் இருந்துகொண்டே எனக்கு உதவாமல் போயிற்று. பூச்சு வேலைக்கு வந்தபோது கொத்தனார் கேட்டார்: “சார், வெளிப்பக்கம் எங்கே நின்னு பூசறது?” ஏழரை இன்ச்சில் ஆள் நிற்க முடியாது. சாரம் கட்டவும் முடியாது. குழி விஷயத்தில் மனம் கசந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கம் இறங்க அனுமதிக்கவில்லை. அவர் இடம், அவர் விருப்பம். முழுக்க முழுக்க உள்ளே தள்ளிக் கட்டுவதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது: உயரம், நிறம், கேட் எதற்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுவருக்கும் வெளிமுகம் என்று ஒன்று உண்டு. அது எப்போதும் அடுத்தவர் வாசலைப் பார்த்தபடிதான் இருக்கும். பூசவும், விரிசல் அடைக்கவும், முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கவும் அவர் தயவு வேண்டும்.

கோட்டின்மேல் இருவருக்கும் பொதுவான சுவராகக் கட்டினால் இடம் மிச்சம், செலவு பாதி, இரு பக்கமும் பூச்சு. பதிலுக்கு முடிவெல்லாம் இரட்டைக் கையெழுத்தில்தான். ஒருவர் இடிக்க நினைத்தாலும், உயர்த்த நினைத்தாலும், ஆணி அடித்துக் கொடி கட்ட நினைத்தாலும் மற்றவரைக் கேட்க வேண்டும். சட்டங்கள் இதில் ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. கலிபோர்னியாவில் 2013இல் வந்த சட்டப்படி, எல்லை வேலியால் இரு வீட்டாருக்கும் சமமான பயன் என்று எடுத்துக்கொண்டு செலவையும் சமமாகப் பகிர வேண்டும். ஆனால் வேலை தொடங்க 30 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைக்கோட்டில் எழும் கட்டுமானச் சுவர்களைப் பற்றிப் பேசுகிறது, மரவேலியை விட்டுவிடுகிறது. அங்கே கோட்டின்மேல் புதுச்சுவர் எழுப்ப அண்டை வீட்டார் சம்மதிக்காவிட்டால், சொந்த நிலத்துக்குள் சொந்தச் செலவில்தான் கட்ட வேண்டும்; தேவைப்பட்டால் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அடித்தளத்தை மட்டும் மண்ணுக்கடியில் அடுத்த பக்கம் நீட்டலாம். என் ஏழரை இன்ச்சுக்கு அங்கே வழி இருந்திருக்கிறது!

எனக்குப் பிடித்தது 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் ஒரு விதி. இரண்டு மனைக்கு நடுவில் நிற்கும் சுவர், மாற்று ஆதாரமோ அடையாளமோ இல்லாதவரை, இருவருக்கும் பொது. அந்த அடையாளங்களில் ஒன்று சுவரின் தலை. சுவரின் மேல்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிந்து, மழைநீர் அந்தப் பக்கமே வடிகிறதென்றால், சுவர் அந்தப் பக்கத்துக்காரருடையது. தண்ணீரை வாங்கிக்கொள்கிறவருக்குத்தான் சுவர். உங்கள் நாட்டில் இப்படி ஒரு விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொந்தச் சுவர் என்றால் தலைச்சரிவை உங்கள் பக்கம் வையுங்கள். அண்டை வீட்டார் மண்ணில் உங்கள் சுவர்த் தண்ணீர் சொட்டாது. நாளைக்குச் சுவர் யாருடையது என்ற பேச்சு வந்தாலும் ஒரு குறிப்பு இருக்கும். கூட்டுச் சுவருக்கு இரண்டு பக்கமும் சரிவு.

சுவர்

மறைவு வேண்டும், சத்தம் குறைய வேண்டும், நாய் தாண்டக் கூடாது என்றால் சுவருக்கு ஈடில்லை. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளி இல்லாமையும்தான். செடி வைத்தால் சத்தம் குறையும் என்பது பெரும்பாலும் மனத் திருப்தி.

ஆனால் சுவரின் கனம் இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி. 9 இன்ச் தடிப்பில் 6 அடி உயரச் சுவர் 10 அடி நீளத்துக்குச் சுமார் இரண்டரை டன் எடை. அது நேராக நிற்கிறவரை பிரச்சினை இல்லை. அதைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீரும் மண்ணும். மேட்டு மனையிலிருந்து பள்ள மனைக்கு மழைநீர் வழிந்து போகிற இடத்தில் ஓட்டை இல்லாமல் சுவர் வைத்தால், சுவர் அணையாகிவிடுகிறது. ஒரு பக்கம் குளம் கட்டும், அடித்தள மண் குழையும், ஒரு நாள் ராத்திரி சத்தம் கேட்கும். தரைமட்டத்தில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக 3 இன்ச் குழாய்த் துண்டுகளைப் பதித்துவிடுவது கட்டும்போது ஒரு மணி நேர வேலை. பின்னால் உடைத்துப் பதிப்பது பெரிய வேலை. எங்கே பதிப்பது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் வாசற்படிக்கு நேராக உங்கள் ஓட்டை திறந்தால் மறுநாளே சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்.

மண் விஷயம் இன்னும் மோசம். சுற்றுச்சுவர் கட்டி இரண்டு வருஷம் கழித்து ஒருவர் தன் மனையை இரண்டடி உயர்த்தி மண் அடிக்கிறார் என்று வையுங்கள். இப்போது அந்தச் சுவர் மதில் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். அந்த வேலைக்கு அதை யாரும் கட்டவில்லை. நனைந்த மண் தள்ளுகிற விசை காற்று தள்ளுவதைப் போல வந்து போவதில்லை, இரவும் பகலும் இருக்கும். மட்ட வித்தியாசம் இருக்கிற எல்லையில் முதலில் தாங்குசுவர், அதன்மேல்தான் வேலி. இதைக் கொத்தனாரின் கைக்கணக்கில் விடாமல் ஒரு பொறியாளரிடம் காட்டுவது நல்லது.

செலவைக் குறைக்க நாலரை இன்ச் சுவர் எழுப்பிவிடுகிறவர்கள் உண்டு. 8 முதல் 10 அடிக்கு ஒரு பில்லர், அடியில் ஒரு பீம், தலையில் ஒரு பட்டை இருந்தால் அது நிற்கும். பில்லரை மிச்சப்படுத்தினால் நிற்காது. நாலரை இன்ச்சில் பில்லர் வெளியே துருத்தும். துருத்துகிற பக்கம் உங்கள் பக்கமாக இருக்கட்டும்.

கம்பிவலை

தெற்குப் பக்கம் நான் வலை போட்டதற்குக் காரணம் தண்ணீர். அந்தப் பக்கம் சரிவு. மழை பெய்தால் பின் வீட்டுத் தோட்டத்திலிருந்து எங்கள் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். சுவர் வைத்திருந்தால் அவர்கள் கத்தரிப் பாத்தி மூழ்கியிருக்கும். வலைக்கு அந்தக் கவலை இல்லை. அடித்தளம் இல்லை, குழி மட்டும்தான். தூண் குழி கோட்டின் இரு பக்கமும் அரையடி அரையடி, ஆட்சேபித்தால் ஒரே நாளில் பிடுங்கி நகர்த்தலாம். காற்று ஊடுருவும், வெளிச்சம் வரும், திருடன் ஒளிந்து நிற்கவும் இடம் இல்லை. மறைவு கிடையாது, அவ்வளவுதான். துணி காயப்போடுகிற இடத்துக்கு நேராக வலை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது கேஜ் எண்ணில். எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது. 8 கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.2, 12 கேஜ் 2.6. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 10 கேஜ் கம்பியில் ஒன்றரை மடங்கு இரும்பு இருக்கிறது. இதைவிட முக்கியம் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். பூச்சு தடிமனாக இருக்கிற அளவுக்கு வேலிக்கு ஆயுசு. வெட்டிய முனைகளில் இரும்பு வெளியே தெரியும், அங்கே துத்தநாகப் பெயின்ட் ஒரு தடவு தடவிவிடுங்கள்.

வலை தளர்வதற்கு வலை காரணம் இல்லை, மூலைத்தூண்தான் காரணம். நடுவில் இருக்கும் தூண்கள் வலையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இழுவிசை முழுவதையும் மூலைத்தூண்கள்தான் வாங்குகின்றன. அதற்குச் சாய்வாக முட்டுக்கொடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் தூண் உள்ளே சாயும், வலை தொப்பை போடும். தூணின் மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மண்ணுக்குள் போக வேண்டும். இடைவெளி 8 அடி நல்லது, 10 அடிக்கு மேல் போகாதீர்கள். இரும்புத் தூணாக இருந்தாலும் மரத்தூணாக இருந்தாலும் முதலில் கெடுவது மண்மட்டம்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது. ஆழத்தில் ஈரம் இருக்கும், காற்று குறைவு. உயரத்தில் காற்று இருக்கும், ஈரம் நிற்காது. அதனால் குழியில் கொட்டுகிற கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு ஒரு இன்ச் மேலே கொண்டுவந்து, தூணிலிருந்து வெளியே சரிகிற மாதிரி கரண்டியால் இழுத்துவிடச் சொல்லுங்கள். குழிவாக விட்டால் தூணின் கழுத்தில் தண்ணீர் தேங்கும்.

நாய் வளர்க்கிறவர்கள் வலையின் அடிப்பக்கம் ஓரடியை மண்ணில் புதைத்துவிடுவது நல்லது. முள்கம்பியைப் பொறுத்தவரை, 1874இல் அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கியது பரந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை நிறுத்த. குழந்தைகள் பந்து எடுக்க ஓடுகிற இரண்டு வீட்டு நடுவில் அதற்கு வேலை இல்லை.

உயிர்வேலி

செடி வேலியை எல்லோரும் புகழ்வார்கள், கொஞ்சம் பேர்தான் வெட்டுவார்கள். அதன் முழுக் கதையும் இதுதான். கிளைரிசிடியா மரத்தின் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நட்டால் அதுவே தூணாக வேர்விடும். அதன் தாவரப் பெயரில் வரும் ‘சேபியம்’ என்ற லத்தீன் சொல்லுக்கே வேலிகளுக்குரியது என்று பொருள். நொச்சியும் ஆடாதொடையும் ஆடு மாடு வாய்வைக்காத செடிகள்; ஆடாதொடையின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. கிளுவை முள்ளோடு அடர்ந்து நிற்கும். காற்றைத் தடுப்பதில் செடி சுவரைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. சுவரில் மோதும் காற்று மேலே ஏறிப் பின்புறம் சுழன்றடிக்கும். பாதி திறந்த செடிவேலி காற்றை வடிகட்டி அனுப்புவதால், அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை கூட வேகம் தணிந்திருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், செடிக்குக் கோடு தெரியாது. அடர்ந்து வேலியாக நிற்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்கப்புறம் அது நிற்கவே நிற்காது. வேர் அங்கே போகும், நிழல் அங்கே விழும், சருகு அங்கே உதிரும். பிரெஞ்சுச் சட்டம் இதற்கும் கணக்கு வைத்திருக்கிறது: வேறு வழக்கமோ விதியோ இல்லாத இடத்தில், 2 மீட்டருக்கு மேல் வளருகிற செடியைக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி நட வேண்டும், குட்டையாக வைத்திருப்பவற்றை அரை மீட்டர் தள்ளி. நான் இரண்டடி தள்ளி நட்டேன். வலை கோட்டில் நிற்கிறது, செடி என் பக்கம் நிற்கிறது. பின் வீட்டுப் பாட்டி வலைக்குள் கை விட்டு ஆடாதொடை இலை பறித்துக்கொள்கிறார். வலையைத் தாண்டிப் போகிற கிளையை அவரே ஒடித்து என் பக்கம் வீசிவிடுவார். எனக்கும் அது வசதிதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: வலைமேலேயே கொடியைப் படரவிட ஆசைப்படுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். இலை மூடியதும் அது வலையாக இருப்பதில்லை, பாய்மரமாகிவிடுகிறது.

பலகை, தகடு, ஆயத்தச் சுவர்

பாய்மரம் என்று சொன்னதன் அர்த்தம் இங்கேதான் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 47 கிலோ எடையோடு தள்ளுகிறது. 8 அடி அகலம், 6 அடி உயரமுள்ள அடைத்த பலகை ஒன்றின்மேல் அது சுமார் 200 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. உயரத்தை இரட்டித்தாலும் தூணின் அடியில் விழுகிற முறுக்கு நான்கு மடங்கு. பரப்பும் இரட்டிக்கிறது, நெம்புகிற தூரமும் இரட்டிக்கிறது. புயலடிக்கிற ஊரில் தகரத் தகடு வேலிகள் பறப்பது இதனால்தான். மரப்பலகையானால் பலகைக்குப் பலகை விரல் இடுக்கு விட்டு அடியுங்கள். இன்னொரு சங்கடம், இவற்றுக்கு முகமும் முதுகும் உண்டு. குறுக்குக் கட்டைகள் தெரிகிற முதுகை அண்டை வீட்டாருக்குக் காட்டினால் அதை அவர்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். நல்ல முகத்தை அவர்களுக்குக் கொடுத்தால் ஏறுவதற்குப் பிடியாகும் குறுக்குக் கட்டை உங்கள் பக்கம் வரும், அதனால் திருடனுக்கும் வெளியிலிருந்து பிடி கிடைக்காது. இரண்டு லாபம்.

ஆயத்தக் கான்கிரீட் பலகைகளை தூண்களின் பள்ளத்தில் மேலிருந்து இறக்கிச் செருகுகிற சுவர் எனக்கு இப்போது கொஞ்சம் பொறாமை தருகிறது. அகல அடித்தளம் வேண்டாம், தூணுக்குக் குழி போதும். பூச்சு தேவையில்லை என்பதால் அடுத்தவர் நிலத்தில் இறங்க வேண்டியதும் இல்லை. எல்லை தவறு என்று தெரிந்தால் கழற்றி நகர்த்தலாம். மேற்கே இதைப் போட்டிருந்தால் என் ஏழரை இன்ச் கதையே இல்லை. பலகை மெல்லியது, மண்ணைத் தாங்காது, லாரி பின்னால் இடித்தால் உடையும். அதற்கென்ன, உடைந்த பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கிழக்குப் பக்கத்துச் சமரசம்

கிழக்கு வீட்டு அக்காவுக்குச் சுவர் வேண்டும், பாம்பு பூச்சி வரக் கூடாது என்று. எனக்கு அந்தப் பக்கத்துக் காலை வெயில் வேண்டும். மூன்றடிச் சுவர், அதன்மேல் மூன்றடி வலை என்று முடிவாயிற்று. சுவர் கோட்டின்மேல் பாதிப் பாதி; இரு பக்கமும் பூச்சு; தலையில் இரு பக்கமும் சரிவு. (பாம்பு ஓட்டை வழியாக வரும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் வாய்களில் சின்ன வலைத்துண்டு வைத்துவிட்டோம்.) சுவர் பாதி உயரமே என்பதால் காற்றின் நெம்பல் குறைவு, எடையும் குறைவு, அடித்தளமும் ஒன்றரை அடி அகலத்தில் முடிந்தது. நல்ல உறவு இருக்கிற பக்கத்தில் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உறவு சரியில்லாத பக்கத்தில் கூட்டுச் சுவர் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். உள்ளே தள்ளி, கழற்றக்கூடிய எதையாவது நிறுத்துங்கள். முகம் தெரியாத, காலியாகக் கிடக்கிற மனை பக்கத்தில் இருந்தால் வலை போதும். நாளைக்கு அங்கே வருகிறவர் எப்படிப்பட்டவர், தரையை எத்தனை அடி உயர்த்துவார் என்று இன்றைக்குத் தெரியாதபோது பெரிய சுவரில் பணத்தைப் புதைப்பானேன்?

அக்கா வீட்டோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். முத்திரைத்தாள் பத்திரம் எல்லாம் இல்லை, ஒரு பக்கம்தான். கோடு எங்கே, சுவர் கோட்டின்மேல் எவ்வளவு, செலவு யார் எவ்வளவு, வலை துருப்பிடித்தால் யார் மாற்றுவது, உயர்த்த வேண்டுமானால் இருவரும் சம்மதிக்க வேண்டும், வீட்டை விற்றால் வாங்குகிறவரிடம் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். சிரித்துப் பேசிக் கட்டிய சுவருக்கு, பேசாதவர் ஒருவர் சொந்தக்காரராக வரக்கூடும். புது உரிமையாளரைச் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டுமானால் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரே ஒரு கதை. 1870களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் குரோக்கர் என்ற ரயில்வே கோடீஸ்வரர் ஒரு தெருத் துண்டு முழுவதையும் வாங்கினார். நிகோலஸ் யுங் என்பவர் மட்டும் தன் சின்ன வீட்டை விற்கவில்லை. குரோக்கர் அந்த வீட்டை மூன்று பக்கமும் அடைத்து ஏறக்குறைய 40 அடி உயரத்துக்கு வேலி எழுப்பினார். வெயிலும் காட்சியும் போயின. குரோக்கரின் வேலிக்கு வம்புவேலி என்ற பெயர்தான் மிஞ்சியது. இன்று கலிபோர்னியச் சட்டத்தில், அண்டை வீட்டாரை நோகடிக்கவென்றே 10 அடிக்கு மேல் எழுப்புகிற தேவையற்ற வேலி, பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குப் போடக்கூடிய தொல்லையாகக் கருதப்படுகிறது. பல ஊர்களில் அனுமதியில்லாமல் எழுப்பக்கூடிய உயரத்துக்கு வரம்பு உண்டு, தெருமுனையில் அது இன்னும் குறைவாக இருக்கும். செங்கல் இறக்குவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மேற்குச் சுவரின் வெளிமுகம் இன்னும் பூசாமல்தான் நிற்கிறது. ஆறு மழைக்காலம் பார்த்துவிட்டது. அடி நாலு வரி பாசி பிடித்துக் கறுத்துப்போயிருக்கிறது, ஒரு மூட்டில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. போன மாதம் மாடியிலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரும் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. “அரிவாள் இருக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டார். இறங்கிப் போய், சுவருக்கு மேலாக நீட்டிக் கொடுத்தேன்.